அண்ணான்னு கூப்பிடாதீங்க!

“எந்த எருமைடா என் துணியைத் தொட்டது?”

அந்த வெளிநாட்டு விடுதியின் அடித்தளத்துச் சலவை அறை இப்படி ஒரு தமிழை அதுவரை கேட்டிருக்காது. தொண்டை கிழியக் கத்தினாள் அவள். பின்னே? இருக்கிற இரண்டு வாஷிங் மெஷினில் ஒன்று ரிப்பேர். மற்றொன்றுக்குக் காத்துக் கிடந்து, துணியைப் போட்டுவிட்டு, அம்மாவின் போனுக்காக மேலே போய்விட்டு வருவதற்குள் அவளுடைய துணி மொத்தமும் வெளியே! உள்ளே யாருடையவோ நீலச் சட்டைகள் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

எடுத்ததுகூடப் போகட்டும். ஈரத்துணியை ஒவ்வொன்றாக உதறி, மடித்து, கூடையில் அடுக்கி, மேலே அவளுடைய துண்டையே போர்த்தி வைத்திருந்தது. அப்படியென்றால் துண்டுக்கு அடியில் இருப்பதையெல்லாம்... ஐயோ! காது மடல் வரை சூடேறியது அவளுக்கு.

“மடிச்சு வேற வெச்சிருக்கு பாரு... கையை ஒடிக்கணும்!”

“ஒடிங்க. ஆனா ஒரு கையை மட்டும் விட்டுடுங்க. நாளைக்கு வேலைக்குப் போகணும்.”

உலர்த்தும் மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். மடியில் இருந்த புத்தகம் தரையில் விழுந்தது. மழையில் நனைந்து வந்தவன் போல. தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள்... உதடு சிரிக்கவில்லை, கண் சிரித்தது.

“அந்த எருமை நான்தாங்க. மெஷின் நின்னு ரொம்ப நேரமாச்சு. யாரும் வரலை. துண்டுக்குக் கீழ இருக்கறதை நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுத்தேன்.”

தமிழ்! இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து போனில் தவிர வேறெங்கும் கேட்காத தமிழ். கோபம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்... இரண்டுக்கும் நடுவில் அவள் வாய் தன்பாட்டுக்கு ஒரு வேலை செய்தது.

“அது வந்து... அண்ணா... நான் வேற யாரோன்னு நினைச்சு...”

சிரித்துக்கொண்டிருந்த கண்கள் பட்டென்று அணைந்தன.

“அண்ணாவா?” என்றான். “எருமையே பரவாயில்லைங்க.”

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். என்ன திமிர்! மரியாதையாக ஒரு வார்த்தை சொன்னால் இதுதான் பதிலா?

அந்த வார்த்தை அவளுடைய சொந்தச் சரக்கு இல்லை. விமான நிலையத்தில் அம்மா காதோடு காதாகச் சொல்லி அனுப்பியது. “அங்க நம்ம பசங்க யாராவது இருந்தா முதல் பேச்சுலயே அண்ணான்னு கூப்பிட்டுடு. அப்புறம் எவனும் வாலாட்ட மாட்டான்.” அம்மா இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே கல்லூரி, வேலை, பஸ் எல்லாவற்றையும் கடந்து வந்து, கடைசியில் அப்பாவைக் கட்டிக்கொண்டவள். அனுபவசாலி சொன்னால் கேட்க வேண்டாமா?

அவள் அங்கே வந்திருந்தது ஒரு பல்கலைக்கழகத்தின் தாவர ஆய்வகத்துக்கு. மாணவியாக, சில மாதப் பயிற்சி ஆராய்ச்சி. வந்த நாள் முதலே அவளுக்கு எல்லாவற்றின் மேலும் கோபம். நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்காத ஜன்னல் மேல் கோபம். தானாகவே பூட்டிக்கொண்டு அவளை நைட்டியோடு வராந்தாவில் நிற்க வைத்த கதவு மேல் கோபம். எந்தக் குப்பையை எந்த நிறத் தொட்டியில் போடுவது என்று பாடம் எடுத்த பக்கத்து அறைக்காரி மேல் கோபம். குளிருக்குப் பயந்து ஹீட்டரைக் கூட்டினால் மூக்கு காய்ந்தது. குறைத்தால் கால் விறைத்தது. சரியான பஸ்ஸில் ஏறி எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது வேறு கதை. ‘ஆசைப்பட்டுத்தானே வந்தே, அனுபவி’ என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஆமாம், ஆசைப்பட்டுத்தான் வந்தாள். அப்பா வைத்திருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று. இந்தப் பயிற்சி முடிவதற்குள் அங்கேயே முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தால் படிக்கலாம். கிடைக்காவிட்டால் திரும்பி வந்து சித்தப்பாவின் டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்க வேண்டியது. சித்தப்பா ஏற்கெனவே அவளுடைய படத்தைப் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார். ‘வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியை’யாம்! அதை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

மறுநாள் காலை ஆய்வகத்தின் நுண்ணோக்கி அறைக்கு அவளை அனுப்பினார்கள். அதை இயக்கக் கற்றுத்தர, பக்கத்து ஆய்வுக் குழுவில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒருவர் வருவார் என்றார்கள். கதவு திறந்தது. நீலச் சட்டை!

“வாங்க, துணி மேடம்” என்றான் அவன்.

“குட் மார்னிங், அண்ணா” என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. ‘பிடிக்கலைன்னு சொன்னேல்ல? இரு, உனக்கு இதுதான்’ என்று ஒரு வாக்கியத்துக்கு இரண்டு அண்ணா போட ஆரம்பித்தாள். “அண்ணா, இந்த விளக்கு எரியலை, அண்ணா.” “அண்ணா, கொஞ்சம் நகருங்க, அண்ணா.” அவன் ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளிப்பான். அந்தச் சுளிப்பைப் பார்க்க அவளுக்கு அத்தனை திருப்தி.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லியே விட்டான்.

“இங்க பாருங்க. வீட்ல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. என் உசிரை எடுக்க அவ ஒருத்தி போதும். அண்ணான்னு கூப்பிடாதீங்க.”

“மரியாதை குடுத்தா கசக்குதோ?”

“மரியாதையா இது? ஈ மருந்து அடிக்கற மாதிரி அடிக்கறீங்க!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினாள். முடியவில்லை. அவனும் சிரித்தான். அந்த இருட்டு அறையில், நுண்ணோக்கியின் மெல்லிய பச்சை வெளிச்சத்தில் அவன் கண்கள் சிரிப்பதைப் பார்த்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று வழுக்கியது... அவசரமாக “சரிங்கண்ணா” என்றாள்.

அவளுக்கே தெரிந்தது. இப்போது அந்த வேலி அவனுக்காக இல்லை. தனக்காக.

இதற்கிடையில் அந்த ஆய்வக மாடியில் வேறொரு கூத்து நடந்தது. அவனுடைய நிஜப் பெயர் நீளமானது. அங்கே யார் வாயிலும் நுழையாது. இந்தப் பெண் வந்து சுருக்கமாக, அழகாகக் கூப்பிடுவதைக் கேட்டதும் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். முதலில் சுருட்டை முடிக்காரன் என்று அவள் மனசுக்குள் பெயர் வைத்திருந்த மாணவன் “அண்ணா” என்றான். அப்புறம் லேப் டெக்னீஷியன் பெண்மணி. அப்புறம் அவளுடைய ஆய்வகத்துப் பேராசிரியையே!

“என் கப்புல அண்ணான்னு ஒட்டி வெச்சிருக்காங்க” என்று அவன் கொதித்துப்போய் வந்து நின்றான். “அம்பது வயசு ப்ரொஃபசர் என்னை அண்ணாங்கறாங்க! உங்களுக்கு இப்ப திருப்தியா?”

“ரொம்ப” என்றாள் அவள்.

லேப் டெக்னீஷியன் ஒருநாள் கேட்டாள், அண்ணா என்றால் என்ன அர்த்தம் என்று. மூத்த சகோதரன் என்று அவள் சொன்னாள். “ஓ...!” என்று அந்தப் பெண்மணி கையைத் தட்டிக்கொண்டு போனாள். அந்த ‘ஓ’வுக்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நம் ஊரில் யாருக்கும் தோன்றாது.

மழை விடாத ஊர் அது. பஸ் நிறுத்தத்துக்கு ஒரே குடையில் நடந்தார்கள். குடையின் முக்கால்வாசி அவள் பக்கம் சாய்ந்திருக்கும். அவனுடைய ஒரு தோள் எப்போதும் நனைந்திருக்கும். கோபப்பட ஒன்றும் இல்லாத நாட்களில்கூட எதையாவது தேடிப் பிடித்து அவனிடம் கோபப்பட்டாள். பொதுச் சமையலறையில் யாரோ அவளுடைய பாலைக் குடித்துவிட்டார்கள், அது ஒரு நாள். பேராசிரியை அவளுடைய படங்களை ‘மோசமில்லை’ என்று சொன்னார், அது ஒரு நாள். அவன் ‘உம்’ கொட்டிக் கேட்பான். சில சமயம் அவளைவிட அதிகமாகக் கோபப்படுவான்.

அவளுடைய ஆராய்ச்சி சின்னதுதான். ஒரு வகை நாற்றின் வேர், உப்பு இருக்கிற பக்கத்தைக் கண்டால் வளைந்து விலகி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டுகளில் நாற்றுகளை வளர்த்து வேர் நுனிகளைப் படம் எடுத்தாள். நேராகப் போகும் வேருக்குப் பூஜ்யம், நன்றாக வளைந்த வேருக்கு நாலு. ஆனால் வளர்த்தவளே மதிப்பெண் போடக் கூடாது. எது உப்புத் தட்டு, எது வெறும் தட்டு என்று தெரியாத வெளியாள் போட வேண்டும். அதுதான் ஆய்வகத்தின் சட்டம்.

“நீங்க போட்டுத் தரீங்களா, அண்ணா?”

அவன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே திரும்பத் துடைத்தான். அப்புறம் “தாங்க” என்றான். எல்லாப் படத்தையும் பொறுமையாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தான். முடிவைப் பார்த்து அவள் துள்ளிக் குதித்தாள். வேர்கள் ஓடியிருந்தன! டியூஷன் சென்டர் அவ்வளவுதான், ஒழிந்தது!

கடைசி வாரம். இறுதிக் கருத்தரங்குக்கு முன்னால், ஆய்வுக் குழுவின் கூட்டத்தில் அவள் ஒத்திகை பார்த்தாள். திரையில் படங்கள் ஓடின. பேராசிரியை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

“மதிப்பெண் போட்டது யார்?”

அவள் அவன் பக்கம் கை காட்டினாள்.

“உன் அண்ணனா?” பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். “சொந்தத் தங்கையின் ஆராய்ச்சிக்கு அண்ணன் மதிப்பெண் போடுவதா? இதை நான் எப்படி ஏற்றுக்கொள்வது?”

அவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் ரத்தம் தலைக்கு ஏறியது.

“அவர் எனக்கு அண்ணன் இல்லை!”

“நீதானே அப்படிக் கூப்பிடுகிறாய்? அர்த்தமும் நீதான் சொன்னாயாம்.”

“நாங்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்! பஸ் கண்டக்டர், கடைக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர்...”

“எல்லாரையுமா? என்னைக் கூப்பிட்டதே இல்லையே” என்றான் சுருட்டை முடிக்காரன். அறை சிரித்தது. அவளுக்கு அவன் முடியைப் பிடித்து ஆய்ந்தால் என்ன என்று இருந்தது.

“எது எந்தத் தட்டு என்று அவருக்குத் தெரியவே தெரியாது, மேடம்!”

“ஒரே விடுதியில் இருக்கிறீர்கள். பேச்சுவாக்கில் நீ சொல்லியிருக்கலாம். சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வழி இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம்.” பேராசிரியை கொஞ்சம் இறங்கி வந்தார். “சரி. ரத்த உறவு இல்லை. வேறு எந்த நெருக்கமும் இல்லை. அப்படித்தானே?”

“ஒன்றும் இல்லை” என்றாள் அவள். சொன்ன மாத்திரத்தில் நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

பேராசிரியை அவன் பக்கம் திரும்பினார். “உனக்கும்?”

ஒரு ‘ஆமாம்’. அவ்வளவுதான் வேண்டும். ஒரே ஒரு சொல்லில் அவளுடைய இத்தனை மாத உழைப்பு பிழைத்துக்கொள்ளும். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் அந்தக் கண்களைப் பார்த்தான்... ஜன்னலில் வழிகிற மழையைப் பார்த்தான்...

“உறவு இல்லை, மேடம். ஆனால் ஒன்றும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.”

சுருட்டை முடிக்காரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“எப்போதிலிருந்து?” பேராசிரியை விடவில்லை. “மதிப்பெண் போடுவதற்கு முன்பா, பின்பா?”

“முன்பு.”

“அப்படியானால் இவற்றைப் பயன்படுத்த முடியாது.” பேராசிரியை மடிக்கணினியை மூடினார். “கருத்தரங்கு வெள்ளிக்கிழமை. அதற்குள் வேறு ஆளைத் தேடு.”

அவள் படிகளில் இறங்கிய வேகத்தில் கட்டிடமே அதிர்ந்திருக்கும். சைக்கிள் நிறுத்துமிடத்துத் தகரக் கூரைக்கு அடியில் அவன் ஓடி வந்து பிடித்தான். மேலே மழை கொட்டு அடித்துக்கொண்டிருந்தது.

“என் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!” என்று வெடித்தாள். “ஒரு வாரம்... ஒரே ஒரு வாரம் பொறுத்துச் சொல்லக் கூடாதா?”

“கேட்டாங்களே. பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“அரிச்சந்திரன் வந்துட்டாரு! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. அத்தனை பேர் முன்னாடி அந்தம்மாகிட்ட சொல்றீங்க!”

“உங்ககிட்ட எங்க சொல்ல விட்டீங்க? வாயைத் திறந்தா ரெண்டு அண்ணா!”

“அப்ப மார்க் போடக் கேட்டப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்.”

அவன் தலை குனிந்தான். கண்ணாடியில் மழைத்துளிகள். “ஆமா. அது என் தப்பு. முடியாதுன்னா ஏன்னு கேப்பீங்க. அந்த ஏனுக்குப் பதில் சொல்லப் பயமா இருந்துது.”

“போங்க! என் கண்ணுலயே படாதீங்க!”

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். “அம்மா, உன் மந்திரம் என் படிப்புக்கே உலை வெச்சுடுச்சு!”

முழுக் கதையும் கேட்டுவிட்டு அம்மா நிதானமாகச் சொன்னாள். “அண்ணான்னு கூப்பிடச் சொன்னேன். அண்ணன்னு ஊரெல்லாம் அர்த்தம் சொல்லச் சொன்னேனா?”

“அம்மா!”

“சரி, கத்தாதே.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “பொய் சொல்ல மாட்டேன்னுட்டானா அந்தப் பையன்? அவ்வளவு பேர் முன்னாடியா?”

“இப்ப அதுவா முக்கியம்?” என்று போனை வைத்துவிட்டாள். வைத்துவிட்டு அழுதாள். ஆத்திரம்தான். வேறென்ன? ‘நான் ஒன்னும் இல்லைன்னேன். அவன் சொல்ல மாட்டேன்னுட்டான். நான்தான் பொய் சொன்னேனோ...’ என்று மனசு இழுத்தது. “சும்மா கிட” என்று அதையும் திட்டினாள்.

லேப் டெக்னீஷியனும் சுருட்டை முடிக்காரனும் மதிப்பெண் போட ஒத்துக்கொண்டார்கள். டெக்னீஷியன், தான் அடித்த தண்டோராவுக்குப் பிராயச்சித்தமாகத் தேநீரும் போட்டுக் கொடுத்தாள். படங்களின் பெயரை மாற்றி, வரிசையைக் குலைத்து, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள் அவள். அந்த வாரம் முழுக்க அவன் நிஜமாகவே கண்ணில் படவில்லை. சமையலறையில் இல்லை, பஸ் நிறுத்தத்தில் இல்லை, சலவை அறையிலும் இல்லை. படாதே என்று சொன்னவள் அவள்தான். அதற்காக இப்படியா? சொன்னால் அப்படியே கேட்டுவிடுவானா? அவளுக்கு அந்தக் கோபம் வேறு சேர்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை அரங்கில் எல்லாரும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில், சுவரை ஒட்டி அவனும் உட்கார்ந்திருந்தான். அவள் பேசி முடித்தாள். புதிய மதிப்பெண்களும் வேர்கள் ஓடுகின்றன என்றுதான் சொல்லின. பேராசிரியை குடைந்து குடைந்து கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னாள். கடைசியில் பேராசிரியை தலையாட்டினார்.

“விண்ணப்பம் போடு. அடுத்த ஆண்டு முனைவர் பட்டத்துக்கு உன்னை நான் எடுத்துக்கொள்கிறேன்.”

கைதட்டல். அவளுக்குக் கண் கலங்கியது. சித்தப்பா, நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள்!

“இன்னொன்று” என்றார் பேராசிரியை. “பழைய மதிப்பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மற்ற இருவருடையதோடு கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகின்றன. அவனுக்குக் கூர்மையான கண். உன் அடுத்த ஆராய்ச்சிக்கு மதிப்பெண் போட இந்த மாடியில் அவனைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டான். இந்த வாரம் நீங்கள் இருவரும் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றால், இதில் எழுதியிருக்கும் அவன் பெயரை அப்படியே விட்டுவிடுகிறேன். முடிந்துவிட்டதா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. கடைசி வரிசையில் அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்ல நிமிர்ந்தான். அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை. ‘ஆமான்னு சொல்லிடுங்க’ என்பது போல லேசாகத் தலையசைத்தான்.

அவ்வளவுதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆங்கிலமெல்லாம் பறந்துவிட்டது.

“என்ன தலையை ஆட்டறே? முடிஞ்சுடுச்சான்னு கேக்கறாங்க! ஆரம்பிக்கவே இல்லை, அதுக்குள்ள முடிஞ்சுடுச்சாம்! என்கிட்ட சொல்லாம ஊருக்கெல்லாம் சொன்னே. சொல்லிட்டு ஓடி ஒளிஞ்சுக்கிட்டே. கண்ணுல படாதேன்னா படாமலே இருந்துடுவியா? ஒரு வாரமா நான் யார்கிட்ட கோபப்படறது? செவுத்துக்கிட்டயா? பாலைக் காணோம், பஸ்ஸை விட்டுட்டேன், மழையில நனைஞ்சேன்... சொல்ல ஆள் இல்லை. எனக்குக் கோபம் வந்தா நீ வேணும். அழுகை வந்தா நீ வேணும். இன்னைக்கு இடம் கிடைச்சதே, அப்ப முதல்ல யாரைத் தேடினேன் தெரியுமா? உன்னைத்தான்டா! எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு ஒன்னும் இல்லைன்னது பொய். போதுமா?”

மூச்சு வாங்க நின்றாள். அரங்கமே வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

“திட்டுகிறாளா?” என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லேப் டெக்னீஷியன் அவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ஆமாம்” என்றான் அவன். கண்ணாடியைக் கழற்றினான், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “ரொம்ப நன்றாகத் திட்டுகிறாள்.”

பேராசிரியை பேனாவால் மேசையைத் தட்டினார். “எனக்கு ஒரு வார்த்தைப் பதில் போதும். முடிந்துவிட்டதா, இல்லையா?”

“இல்லை, மேடம்” என்றாள் அவள்.

பேராசிரியை குனிந்து, காகிதத்தில் எழுதியிருந்த அவன் பெயரை அடித்தார்.

“சரி. வேறு ஆளைத் தேடு.”